அந்தப் போட்டோவை நான் காட்டியிருக்கக் கூடாது

துப்பறியும் தொழிலில் என்னிடம் வருபவை பெரும்பாலும் கல்யாண விசாரணைகள்தான். மாப்பிள்ளையின் போட்டோவோடு தெருமுனை டீக்கடையில் அரைமணி நேரம் நின்றால் பாதி வேலை முடிந்துவிடும். சில வருஷம் முன்பு, அதே பழக்கத்தில் ஒரு சிறுவனின் வழக்கிலும் இறங்கிவிட்டேன்.

வட சென்னைப் பையன், 17 வயது. கொலை வழக்கில் மூன்றாவது ஆளாகச் சேர்த்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவன் பரோட்டா கடையில் வேலையில் இருந்தான் என்றார் அவன் அம்மா. வக்கீல் என்னை அமர்த்தினார். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது தாண்டியவர்மேல் இப்படிப்பட்ட கொடுங்குற்றம் சுமத்தப்பட்டால் இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்று அது முடிவெடுத்தால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

முதல் நாளே அம்மா கொடுத்த போட்டோவை நாலு கடைகளில் காட்டி, “இவனைத் தெரியுமா?” என்று கேட்டேன். மாப்பிள்ளை விசாரணையில் அந்தக் கேள்வியால் பெரிய சேதம் வராது. இங்கே, அதுவரை விஷயம் தெரியாத தெருவுக்கும் நானே போய்ச் சொன்னது போல ஆயிற்று. இந்தப் பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு. பத்திரிகை செய்யாததை நான் கால்நடையாகச் செய்திருந்தேன்.

மறுநாளிலிருந்து பையனைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. இடத்தையும் நேரத்தையும் மட்டும் கேட்டேன். பரோட்டா கடைக்கு எதிரே மருந்துக்கடையில் கேமரா இருந்தது. பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி நிரம்பினால் பழைய பதிவுகள் அழிந்துவிடும். எடுத்துத் தா என்று அதட்ட எனக்கு அதிகாரம் கிடையாது. எங்கள் தொழிலை முறைப்படுத்த 2007இல் வந்த மசோதா சட்டமாகவே இல்லை. கடைக்காரரிடம் கெஞ்சித்தான் பார்த்தேன். பையன் பரோட்டாக் கல்லருகே நிற்பது தெரிந்தது, ஆனால் திரையில் நேரம் ஒத்துவரவில்லை. என் செல்போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால், டிவிஆர் கடிகாரம் 22 நிமிடம் பின்தங்கி ஓடியது. இரண்டையும் சேர்த்துப் படமெடுத்துக்கொண்டேன். பதிவைப் பாதுகாக்கச் சொல்லி வக்கீல் மனு போட்டார்.

போட்டோவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பையனின் தங்கை பள்ளிக்கூட நேரத்தில் வீட்டில் இருந்தாள். நாலு நாளாகப் போகவில்லையாம்.

“இத யார்கிட்டயாவது காட்டுனீங்களா சார்?” என்றார் அம்மா.

“காட்டினேம்மா. தப்புதான்” என்றேன். அவர் போட்டோவை முந்தானையில் துடைத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார்.