தொழுவத்து ரப்பர் மேட்டும் என் மடக்குக் கத்தியும்

அலங்காநல்லூர்ப் பக்கம் மச்சான் வீட்டுத் தொழுவத்துக்குப் போன வாரம் ரப்பர் மேட் வந்து இறங்கியது. 15 மில்லிமீட்டர் கனம், ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஓரத்தில் சதுரக் கல்தூண் நிற்கிற இடத்தில் மட்டும் வெட்டியெடுக்க வேண்டும். மச்சான் அரிவாளை எடுத்துவந்து ஒரு போடு போட்டார், அது எகிறித் திரும்பியது. திருப்பாச்சேத்தி அரிவாளே ஆனாலும் அது கனத்தால் வெட்டுகிற கருவி, ரப்பருக்கு மெல்லிய தகடுதான் சரி. "பத்து நிமிஷம் கொடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு என் மடக்குக் கத்தியைத் தீட்டச் சாணைக்கல்லோடு உட்கார்ந்தேன்.

கத்தியைக் கல்லில் எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பதற்கு நான் செய்வது இதுதான்: காகித மூலையை இரண்டு முறை சமமாக மடித்தால் 90 டிகிரி 45 ஆகி, அப்புறம் 22.5 ஆகும், அதைக் கல்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டால் கை பழகிவிடும். ஒரு பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருந்தால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும், முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே விரலைத் தடவினால் தட்டுப்படும், அடியிலிருந்து நுனிவரை அது எழுந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். பலர் பத்துத் தேய்ப்பு என்று எண்ணி நிறுத்திவிடுகிறார்கள், கூர் வராததற்கு அதுதான் காரணம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்தேன். ரப்பருக்கு நைஸ் கல்லில் அதிகம் தேய்க்கக் கூடாது, வழுவழுப்பான விளிம்பு வழுக்கும், கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் பிடித்து அறுக்கும்.

வெட்டும்போது ரப்பர் கத்தியை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். அதனால் கோட்டுக்கு நேர் கீழே ஒரு ரீப்பர் கட்டையைக் கொடுத்து மேட்டை வளைத்துவிட்டால் வெட்டு வாய் பிளந்து நிற்கும், சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே லேசாக ஏழெட்டு இழுப்பு இழுத்தால் போதும். ஒரே இழுப்பில் அறுக்க நினைத்து அமுக்காதீர்கள். என் கத்தியில் விரித்த தகட்டை மடங்காமல் பிடித்து நிறுத்தும் லாக் கிடையாது, நுனியை அமுக்கினால் விரல்மேலேயே மடங்கும், போன வருஷம் ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட்டுக்கொண்டேன்.

உள்மூலை இரண்டிலும் முதலிலேயே டிரில்லால் ஓட்டை போட்டு அதுவரைதான் வெட்டினேன். கூரான மூலையாக விட்டால் மாடு மிதிக்க மிதிக்க அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும்.

மேட் தூணோடு ஒட்டி உட்கார்ந்தது. வெட்டியெடுத்த துண்டை அக்கா கிரைண்டருக்கு அடியில் போட்டுக்கொண்டாள்.