முள் 575-இல் நிற்கிறது

ஜூலை 6
கார்பன் இழைப் பலகை ஒன்று செய்ய வேண்டும். அறைக்குள் 13 டிகிரி. இழைகளைப் பிணைக்கும் எப்பாக்சிப் பசையான ரெசின் தேன்பாகு மாதிரி இறங்க மறுக்கிறது. இன்று வேண்டாம்.

ஜூலை 7
டப்பாவை வெந்நீரில் வைத்து 30 டிகிரிக்குக் கொண்டுவந்ததும் இளகியது. டி300 கார்பன் இழை நெசவுத் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம். 30 செ.மீ. சதுரத்தில் பத்து அடுக்கு: 180 கிராம். எல்ஒய்556 ரெசினுக்கு அதை இறுக்கும் எச்ஒய்951 ஹார்டனர், நூற்றுக்குப் பத்து, தராசில் நிறுத்துத்தான். குளிராச்சே என்று ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது. மிஞ்சிய அமீன் (ஹார்டனரின் வேதிப்பொருள்) பிணைய ஆளில்லாமல் உள்ளே தங்கிப் பலகையைக் கெடுக்கும்.
அடுக்குகளைப் பிளாஸ்டிக் பையில் மூடி, காற்றை உறிஞ்ச பம்ப் போட்டாயிற்று. வெற்றிட மானியில் முள் 575 மி.மீ.

ஜூலை 8
இன்னும் 575. ஓரத்து ஒட்டு நாடாவை இரண்டு சுற்று அழுத்திப் பார்த்தாயிற்று. பம்பை நிறுத்தி அரை மணி ஆகியும் முள் அசையவில்லை, கசிவு கிடையாது.
அட, இது ஊட்டி! 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே சுமார் 580 மி.மீ. பாதரசம்தான். கடல்மட்டத்து 760-க்கு எங்கே போவது? பையை அமுக்குவது வெளிக்காற்று. சென்னையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான் இங்கே.

ஜூலை 9
பையில்லாமல் திறந்து வைத்த கண்ணாடி இழைத் துண்டின் மேல் மெழுகு பூசியதுபோல் வழவழப்பு. ஈரக்காற்றும் கரியமில வாயுவும் அமீனோடு சேர்ந்த கோளாறு. தின்னர் போட்டால் இழுவும். வெந்நீர், பச்சை நார். கழுவாமல் ஒட்டினால் உரிந்து வரும்.

ஜூலை 10
ஓரம் சீவிய பின் 300 கிராம், தடிமன் 2.4 மி.மீ. கணக்கு: பலகை 216 கன செ.மீ.; இழை 102, ரெசின் 104. பாக்கி 10 வெறும் காற்று! நாலரை சதவீதம். ஒவ்வொரு சதவீதக் குமிழியும் அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்திருக்கும் அடுக்கிடை வலுவில் சுமார் 7 சதவீதத்தைத் தின்னும் என்பது தொழிலில் பழகிய கணக்கு.

ஜூலை 12
பலகை முழுதாக இறுக, பல்புச் சூட்டுப் பெட்டியில் மணிக்குப் பத்து டிகிரியாக 80 வரை. அவசரப்பட்டால் அரைவேக்காட்டுப் பலகை இளகி வளையும்.

ஜூலை 15
அடுக்கிடை வலுவைப் பார்க்க, பலகையில் வெட்டிய துண்டை இரு தாங்கிகள் மேல் வைத்து நடுவில் அழுத்தினேன். துண்டு 4.8 மி.மீ. அகலம், தாங்கிகளுக்கிடையே 9.6. 540 நியூட்டனில் 'டிக்'. முக்கால் பங்கு சுமையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் 35 மெகாபாஸ்கல். லென்ஸில் பார்த்தால் நடுத் தடிமனில் மயிரிழைபோல் ஒரு கிடைக்கோடு, குமிழிக்குக் குமிழி தாவிப் போகிறது. இழை ஒன்றுகூட அறவில்லை. 3,500 மெகாபாஸ்கல் தாங்கும் இழை சும்மா படுத்திருக்க, நடுவிலிருந்த பசை விட்டுக்கொடுத்துவிட்டது.

ஜூலை 16
கடல்மட்டத்தைவிட இங்கே குறையும் 24 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்தை ஈடுகட்ட, அடுத்த பலகையின் இதே அளவுச் சதுரத்துக்கு 220 கிலோ வேண்டும். மணல் மூட்டை நாலு, மேலே தட்டையான இரும்புத் தகடு.

ஜூலை 17
மூட்டை ஏற்றியாயிற்று. முள் 574.