ஏழு கறியும் ஒரு எலுமிச்சையும்

என் சித்தி மகன் தொழில்முறை வித்தைக்காரன். மேடையில் பெண்ணைப் பெட்டிக்குள் படுக்கவைத்து இரண்டாக அறுக்கும் வகை அல்ல. நமக்கு எதிரிலேயே நின்று, நம் மூக்குக்குக் கீழேயே சீட்டையும் காசையும் காணாமல் போகச் செய்கிற ‘க்ளோஸ்-அப்’ வகை. மொரீஷியஸ் தீவின் கிராண்ட் பே, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரை ஓட்டல்களில் மாலை நேரத்தில் மேசை மேசையாகப் போவது அவன் பிழைப்பு. சுற்றுலா வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள், படம் எடுப்பார்கள், விடுமுறை முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார்கள். ஆகவே கைவசம் உள்ள சில வித்தைகளை வைத்தே வருடத்தை ஓட்டிவிடலாம். உறவினர்கள் விமானம் ஏறுவதில்லை, சிக்கல் அங்கேதான்.

ரோஸ் ஹில்லில் அத்தை மகள் கல்யாணம். “ஊரான் வீட்டு விருந்தாளிக்கெல்லாம் காட்டுகிறாய், நமக்குக் காட்டமாட்டாயா?” என்று அத்தை கேட்டார். கூலியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

மொரீஷியசில் தமிழ்க் கல்யாணச் சாப்பாடு என்றால் வாழையிலையும் ஏழு கறியும். அது தெரிந்தும், ஓட்டல் பழக்கத்தில், பந்தி நடக்கும்போது சீட்டுக்கட்டை விசிறியாக விரித்துக்கொண்டு வந்து நின்றான். “ஒன்றை எடுங்கள், மாமா.” மாமாவின் வலக்கை ரசத்தில் இருந்தது. கல்யாண வீட்டில் இடக்கையை நீட்டுவதா? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீயே எடுத்து, நீயே பார்த்து, நீயே சொல்லிவிடு” என்றார்.

அர்ஜென்டினாவில் ரெனே லாவண்ட் என்று ஒரு மேதை இருந்தார். ஒன்பது வயதில் விபத்தில் வலக்கையை இழந்தவர். வாழ்நாள் முழுவதும் இடக்கையால் மட்டுமே சீட்டு வித்தை செய்து உலகப் புகழ் பெற்றார். அவரை எங்கள் பந்தியில் நிறுத்தியிருந்தால், “அந்தக் கையாலா கொடுக்கிறாய், தம்பி?” என்று கேட்டிருப்பார்கள்.

இந்தத் தொழிலின் அடிப்படையே கவனத்தைத் திருப்புவதுதான். வித்தைக்காரன் எங்கே பார்க்கிறானோ, அங்கே நாமும் பார்ப்போம். அந்த நொடியில் மற்றொரு கை தன் வேலையை முடித்துவிடும். மாக்ஸ் மாலினி (1873–1942) இதில் பெரிய ஆள். சாப்பாட்டு மேசையில் எல்லாருடனும் உட்கார்ந்து தின்று பேசிவிட்டு, தொப்பியைத் தூக்கினால் அடியில் பெரிய பனிக்கட்டி இருக்குமாம். யாரும் பார்வையைத் திருப்பாவிட்டால், திருப்பும்வரை அசையாமல் காத்திருப்பாராம்.

எங்கள் பந்தியில் காத்திருக்கவே தேவையில்லை. வடை வருகிறது என்றால் வரிசை முழுக்கத் தலைகள் திரும்பும். பாயசம் வந்தால் சொல்லவே வேண்டாம். தம்பி செய்த திருட்டு வேலை எதையும் ஒருவரும் பார்க்கவில்லை. அதன்பின் வந்த அதிசயத்தையும் ஒருவரும் பார்க்கவில்லை! பாயச வாளி தூக்கிய பையன்தான் அன்றைக்குப் பெரிய மாலினி.

மானம் போகிறதே என்று, கடைசி ஆயுதத்தை எடுத்தான். கடன் வாங்கிய ரூபாய் நோட்டு மறைந்து, முழு எலுமிச்சம்பழத்துக்குள்ளிருந்து வெளியே வரும் வித்தை. எமில் ஜாரோ என்பவர் அமெரிக்க மேடைகளில் இதனாலேயே பெயர் வாங்கினார். நோட்டு மட்டும் காகித நோட்டாக இருக்க வேண்டும் என்று தம்பி சொல்வான். இங்கே 2013-இல் 25, 50, 500 ரூபாய்க்கு வந்த பாலிமர் நோட்டை மடித்தால் அது பிடிவாதமாக விரிந்துகொள்ளும். எனவே நூறு ரூபாய் கேட்டான். அத்தை இடுப்பிலிருந்து எடுத்துத் தந்தார். தந்த கையோடு, “இது திரும்பி வரும் இல்லையா?” என்றும் கேட்டார்.

அடையாளத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினான். பெரிய மாமா இலையை விட்டே எழுந்துவிட்டார். நூறு ரூபாய் நோட்டில் இருப்பது ரெங்கநாதன் சீனிவாசன் முகம், நம் தமிழர். கூடவே தமிழ் எழுத்து. 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளி அச்சடித்ததும், தமிழர்கள் கொதித்தெழுந்து, மத்திய வங்கி அவற்றைத் திரும்பப் பெறும்படி ஆனதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்போது தொண்டை கிழியக் கத்தியவர் பெரிய மாமா. “அதற்காகவா கத்தினோம், நீ கிறுக்கவா?” பேனா பைக்குள் போனது. அத்தை சமாதானமாக, கறி படிந்த கட்டைவிரலை நோட்டின் ஓரத்தில் அழுத்தினார். மஞ்சள் ரேகை பளிச்சென்று விழுந்தது. எந்தக் கையெழுத்தையும்விட நம்பகமான அடையாளம், வாசனையோடு.

நோட்டு மறைந்தது. இப்போது எல்லாரும் பார்த்தார்கள், பணம் அல்லவா! தாம்பாளத்திலிருந்து ஓர் எலுமிச்சையை எடுத்து, கத்தியால் சுற்றிலும் கீறி, இரண்டாகத் திருகினான். நடுவில் சுருட்டிய நோட்டு, சாறு சொட்டச் சொட்ட, மஞ்சள் ரேகையோடு. என் மனத்தில், உலகத்தரமான வேலை.

கைதட்டலுக்குப் பதில் ஓர் அலறல். மாப்பிள்ளையின் பெரியம்மா. எலுமிச்சைக்குள் பணம், பணத்தில் மஞ்சள், அதுவும் மணமேடைக்குப் பத்தடி தூரத்தில். “லோங்கானிஸ்!” என்றார். இந்தத் தீவில் செய்வினைக்கு அந்தச் சொல்லைச் சொல்லித்தான் பயப்படுகிறார்கள். சம்பந்தி வீட்டார் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்கள். ஐயர் ஓடி வந்தார். மணமக்களைச் சுற்றிக் கற்பூரம் காட்டினார்கள். தம்பி எலுமிச்சையின் இரு பாதிகளையும் ஏந்திக்கொண்டு, “இது வெறும் கைத்திறமைதான், அம்மா” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை நோட்டைக் கழுவி, நாற்காலி முதுகில் காயப்போட்டுவிட்டு, சம்பந்தியம்மாவுக்கு இரண்டாம் முறை பாயசம் போட்டு ஒருவழியாக உட்காரவைத்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு, கத்ர் போர்னிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தம்பியை ஓரமாக அழைத்தார். அவர் வீட்டு வாசலில் யாரோ எலுமிச்சை வைத்துவிட்டுப் போகிறார்களாம். வந்து எடுத்துத் தர என்ன வாங்குவாய் என்று கேட்டு, தொகையையும் அவரே சொன்னார். ஓட்டலில் பல இரவுகள் மேசை மேசையாக நடந்தாலும் கிடைக்காத தொகை. தனக்கு அதெல்லாம் தெரியாது என்று தம்பி கெஞ்சினான். நிஜமாகவே தெரிந்தவர்கள் இப்படித்தான் அடக்கமாகச் சொல்வார்கள் என்று அவர் தொகையை உயர்த்தினார்.

அதுவரை காய்ந்த நோட்டை நீவிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து, “கார் செலவு தனி” என்றார்.