கொடுமணலில் பாதி துளைத்த மணி

சென்னிமலையைத் தாண்டி நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வருவது இந்த ஊர்தான். எம்.ஏ. வரலாறு படித்தபோது அகழாய்வுக் களப்பயிற்சிக்காக நாங்கள் பன்னிரண்டு பேர் அங்கே போனோம்.

முதல் நாள் குழிக்குள் இறங்கியதுமே தப்பு செய்தேன். மண்சுவரில் துருத்திக்கொண்டிருந்த பானை ஓடு ஒன்றை ஆசையில் பிடுங்கிவிட்டேன். பேராசிரியர் திட்டவில்லை. “எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது? எந்த மண்ணடுக்கு?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “சரி, இனி அது வெறும் ஓடுதான்” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சல்லடையில் நிறுத்தினார்கள். வெட்டிய மண் சட்டி சட்டியாக வரும். எந்த அடுக்கு, எந்த ஆழம் என்று ஒவ்வொரு சட்டியோடும் ஒரு சீட்டு வரும். கூட வேலை செய்த உள்ளூர் அக்கா, “மொள்ளச் சலி கண்ணு, வேகமா ஆட்டுனா மணி உருண்டு போயிரும்” என்றார். அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை.

மதியம் ஓடு கழுவும் வேலை. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது காற்று படாத பக்கம் கறுத்துப்போகும். கீறல் எழுத்து இருக்கலாம் என்பதால் பிரஷ்ஷை அழுத்தக் கூடாது.

மூன்றாம் நாள் சல்லடையில் குன்றிமணி அளவுக்குச் சிவப்பாக ஒன்று தங்கியது. சூதுபவளம் என்கிற சிவப்புக் கல்லில் செய்த மணி. தண்ணீரில் நனைத்து வெயிலில் பிடித்தேன். ஒரு பக்கம் தொடங்கிய துளை நடுவிலேயே நின்றிருந்தது. மறுபக்கம் துளையே இல்லை.

எனக்கு ஏமாற்றம். பேராசிரியருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. முழுசாக முடிந்த மணி எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம்; பாதியில் விட்ட மணியும் அதைச் சுற்றிக் கிடக்கும் கல் சில்லுகளும்தான் பட்டறை இங்கேயே இருந்தது என்று காட்டும் என்றார். மணி செய்யும் பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைக்கும். சூதுபவளக் கல்லோ குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் வந்த கல்லை ஏன் பாதியில் விட்டார்கள்? விரிசல் விட்டதா, துளைத்தவர் கை தவறியதா? இன்னும் அதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மணியை உறையில் போட்டதும் பேராசிரியர் பேனாவை என்னிடம் நீட்டினார். சட்டிச் சீட்டைப் பார்த்துக் குழி எண், மண்ணடுக்கு, ஆழம் மூன்றையும் நிதானமாக எழுதினேன்.