பள்ளிக்கரணை, மார்ச்

மார்ச் 3
நூற்று நாற்பது படம். ஒன்றில்கூடக் கால் முழுசாக இல்லை.

மார்ச் 4
நெடுங்கால் உள்ளான் பறக்கும்போது அந்த இளஞ்சிவப்புக் கால் வாலையும் தாண்டிப் பின்னால் நீண்டு போகிறது. நான் கண்ணில் ஃபோகஸ் வைக்கிறேன், கண் நடுவில் வந்துவிடுகிறது, கால் ஃப்ரேமுக்கு வெளியே. லென்ஸை 400-லிருந்து 300-க்கு இறக்கினால் தீர்ந்தது, ஆனால் பறவை சின்னதாகிவிடுமே என்று மனசு வரமாட்டேன் என்கிறது. ஷட்டர் 1/2500. வயிற்று வெள்ளை வெளுத்துவிடக் கூடாதென்று வெளிச்சத்தைக் குறைத்தேன், கருப்பு இறக்கை தார் பூசினது போல ஆயிற்று. இருக்கட்டும்.

அப்பாவுக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 6
எழும்பும் பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். அதனால் காற்றும் வெயிலும் நம் முதுகுப் பக்கம் இருந்தால் முகத்துக்கு நேராக வரும், முகத்திலும் வெளிச்சம் விழும். ரேடியல் சாலை ஓரத்தில் அது நடக்கிற காரியமா? காலையில் வெயில் கிழக்கே, காற்று மேற்கேயிருந்து. சாயங்காலம் வெயில் மேற்கே போனால் கடல் காற்று கிழக்கேயிருந்து வருகிறது, கூடவே பெருங்குடிக் குப்பை நாற்றமும். ஒன்று பின்புறம் கிடைக்கிறது, இல்லை நிழலுருவம். பக்கவாட்டில் எடுப்பதுதான் வழி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம்.

மார்ச் 7
ஆள்காட்டிக் குருவி இன்றும் காட்டிக்கொடுத்தது. ஒன்று கத்தினால் போதும், மொத்தக் கூட்டமும் காலி. அப்புறம் யோசித்தால், அது கத்துகிற அந்த ஒரு நொடியில்தான் நானும் கேமராவைத் தூக்குகிறேன்.

மார்ச் 9
போகவில்லை. சர்க்கரை 312.

மார்ச் 10
அப்பாவுக்கு மூக்கன் கதை சொன்னேன். 2022-இல் ஒரு பட்டைவால் மூக்கன், பிறந்து சில மாதமே ஆன குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கேயும் இறங்காமல் பறந்தது. முதுகில் வைத்த கருவி காட்டிக்கொடுத்தது.
"சாப்பாடு?"
"கிளம்பறதுக்கு முன்னாடியே கொழுப்பு சேத்து வெச்சுக்கும்பா."
"அதுக்கு சுகர் இல்ல போல."

மார்ச் 12
ஆஸ்பத்திரியில் நாளைக்குச் சொல்கிறோம் என்றார்கள். நேற்றும் இதையேதான் சொன்னார்கள்.

மார்ச் 13
அப்பா கேமராத் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "என்ன பாப்பா, எல்லாத்துக்கும் கால வெட்டி வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அம்மா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மார்ச் 14
300-க்கு இறக்கினேன். பக்கவாட்டுக் காற்று, ஏழு மணிக்கு முன்னாலேயே. எட்டு படத்தில் ஒன்று: இறக்கை மேலே, கால் இரண்டும் நேர்கோடாக, நுனியிலிருந்து ஒரு சேற்றுத்துளி இன்னும் விழாமல். பெரிதாக்கி விரலை எண்ணினேன். ஒவ்வொரு காலிலும் மூன்றுதான். இந்தப் பறவைக்குப் பின்விரல் பிறவியிலேயே கிடையாது. இவ்வளவு நாள் பார்த்தும் நான் எண்ணினதே இல்லை. அந்த விரல் இல்லாமலேதான் சேற்றில் அப்படி நடக்கிறது, ஓடுகிறது.

அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.

மார்ச் 15
கையெழுத்துக் கேட்டார்கள். பேட்டரியைச் சார்ஜில் போட மறந்துவிட்டேன்.