கொத்துப் பரோட்டா போட்ட பையன்

பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு பொம்மைக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். உள்ளே வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "ஆண் குழந்தையா, பெண் குழந்தையா?" என்பதுதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கும் அதையே பழக்குவார்கள். பையன் என்றால் ரிமோட் கார், துப்பாக்கி, கிரிக்கெட் மட்டை. பெண் என்றால் பார்பி, கிச்சன் செட். வயதும் விருப்பமும் அப்புறம். பெற்றோர் தேர்ந்தெடுத்ததாக நினைப்பதில் பாதிக்கு மேல், அலமாரியை அடுக்கும்போதே நாங்கள் முடிவு செய்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மாலை, நான்கு வயது இருக்கும், ஒரு பையன் மாதிரிக்கு வைத்திருந்த கிச்சன் செட்டின் முன் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பிளாஸ்டிக் கரண்டிகளை வைத்துக்கொண்டு தோசைக்கல்லில் கொத்துப் பரோட்டா போட்டான். தெருமுனைக் கடையில் கேட்கும் அதே தாளம்! அப்பா கரண்டிகளைப் பிடுங்கி வைத்தார். "இதெல்லாம் பெண் பிள்ளைகள் விளையாடுவதுடா" என்றார். பரோட்டா மாஸ்டர், கல்யாணச் சமையல்காரர், டீ ஆற்றுகிறவர் என்று நம் ஊரில் கூலிக்குச் சமைக்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பையன் கண்ணால் பார்த்ததைத்தான் செய்தான். காசுக்குச் சமைத்தால் ஆண் வேலை, வீட்டில் சமைத்தால் பெண் வேலை என்ற கணக்கை அன்றைக்கு அவன் எங்கள் கடையில் வைத்துக் கற்றுக்கொண்டான். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

பெண் குழந்தைகள் இழப்பது இதைவிடப் பெரிது என்பேன். கட்டைகளை அடுக்கி விளையாடும் பிள்ளைக்கு எது நிற்கும், எது சரியும், எந்தத் துண்டைத் திருப்பினால் பொருந்தும் என்பது கை வழியாகவே பிடிபடுகிறது. பொம்மைக்கு உடை மாற்றுவதையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

இதில் வியாபாரமும் இருக்கிறது. அக்காவின் மூன்று சக்கர சைக்கிள் இளஞ்சிவப்பாக இருந்தால் தம்பிக்கு ஆகாது. நீலத்தில் இன்னொன்று வாங்குவார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு விற்கிறது. நடைவண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, வீட்டில் யார் பிறந்தாலும் அதே வண்டிதான்.

அலமாரிகளை மாற்றலாம் என்று முதலாளியிடம் பேசியபோது வெளிநாட்டுக் கடைகளைத்தான் சான்றாகச் சொன்னேன். அமெரிக்காவின் டார்கெட் கடைகள் 2015இல் பொம்மைப் பிரிவில் ஆண், பெண் பலகைகளை எடுத்துவிட்டன. மாநிலத்தின் எல்லாக் கிளைகளிலும் சேர்த்து 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரிய கடைகளில் இருபாலருக்கும் பொதுவான பொம்மைப் பகுதி வேண்டும் என்று கலிஃபோர்னியா 2021இல் சட்டம் இயற்றியது. 2024இல் அது நடைமுறைக்கு வந்தது. 2012இல் சிறுமிகளைக் குறிவைத்துத் தனி வரிசை கொண்டுவந்த, கட்டைப் பொம்மைகள் செய்யும் லெகோ நிறுவனமே, 2021இல் தன் தயாரிப்புகளில் இந்தப் பாகுபாட்டைக் களையப்போவதாக அறிவித்தது.

முதலாளி ஒரு வரிசைக்குச் சம்மதித்தார். அங்கே வயதுவாரியாக அடுக்கியிருக்கிறோம். டாக்டர் செட், கட்டைகள், கிச்சன் செட், கார் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். அந்த வரிசைக்கு வருகிறவர்களிடம் வயதை மட்டும் கேட்கிறேன். அட்டைப்பெட்டிப் படங்களை நாங்கள் மாற்ற முடியாது. சைக்கிளை மாற்றலாம்: அடுத்த சரக்குக்கு மஞ்சளும் பச்சையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.