குளத்துக் கணக்கு

12 ஜனவரி 2025, ஞாயிறு

கோவை சிங்காநல்லூர் குளத்தில் நான் பார்த்த பறவைகளின் கணக்கு 168 இனம். அண்ணனுடையது 169. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இதே கரையில் அறிமுகமானவர், அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு வருடமாக இருவரும் ஒரே குளத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நடுவில் நிற்கும் அந்த ஒன்று ஆறுமணிக்குருவி. வடக்கிலிருந்து வலசை வருகிற வழியில், போன அக்டோபரில் கரையோரப் புதருக்குள் ஒரே ஒரு நாள் தங்கிவிட்டுப் போனது. அன்று நான் ஈரோட்டில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். இப்போது நினைத்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது.

உலகமெல்லாம் பறவை பார்க்கிற அமெரிக்கர் பீட்டர் கேஸ்ட்னர் 2024 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸில் தன் 10,000-ஆவது பறவை இனத்தைப் பார்த்தார். படித்தபோது மலைப்பாக இருந்தது. ஆனாலும் உலகம் சுற்றுகிற ஆசை எனக்கு வரவில்லை. இந்தக் குளம், இதில் இன்னும் ஒன்று. அதற்காகத்தான் தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன்.

13 ஜனவரி, திங்கள்

காப்புக் கட்டு. வீட்டு முகப்பில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை செருகிவிட்டுக் கரைக்குப் போனேன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நெருங்கிவிட்டதால் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வந்திருந்தார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் எண்ணுங்கள், பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள், காக்கையை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னேன். ஒரு பையன் நாமக்கோழிக்கு எண் போடாமல் விட்டிருந்தான். பத்துப் பத்தாகக் கண்ணால் கட்டி எப்படி எண்ணுவது என்று காட்டிக்கொடுத்தேன். 212 வந்தது. நீலத்தாழைக்கோழி 46, கூழைக்கடா 9.

அரிய பறவையைப் பார்த்தவன் பெயர்தான் பேசப்படும். ஆனால் இருபது வருடம் கழித்து இந்தக் குளத்துக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், பதில் சொல்லப் போவது இந்த 212தான்.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கல். ஆறே முக்காலுக்குப் பனி விலகியது. ஆகாயத்தாமரை ஒதுங்கிய சேற்று விளிம்பில் ஓர் உள்ளான், என்னிலிருந்து பதினைந்து அடிதான் இருக்கும். அது அசையாமல் உட்கார்ந்திருந்தால் காய்ந்த கோரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. முதுகில் வைக்கோல் நிறத்தில் கோடுகள், மண் ஒட்டிய நீள மூக்கு.

இங்கே வருகிற உள்ளானில் கோரை உள்ளானும் ஊசிவால் உள்ளானும் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் தம்பி மாதிரி. பறக்கும்போது பார்க்க வேண்டும். கோரை உள்ளானின் இறக்கைப் பின்விளிம்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடு ஓடும், ஊசிவாலுக்கு அது இருக்காது. அதிலும் ஒரு சிக்கல்: ஸ்வின்ஹோ உள்ளான் என்று மூன்றாவது ஒன்று, அதற்கும் அந்தக் கோடு கிடையாது. வாலை விரித்துக் காட்டினால்தான் தீர்ப்பு.

நாற்பது நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறகு கோத ஆரம்பித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து வாலை விசிறி போல விரித்தது. ஓரத்து இறகுகள் ஒவ்வொன்றும் குண்டூசி கணக்காய் மெலிந்து, வரிசையாக நின்றன. ஏழு படம் எடுத்தேன். ஊசிவால் உள்ளான், 169!

அதே நாள், இரவு

சந்தோஷத்தில் பழைய படங்களைப் புரட்டியிருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். புரட்டத்தான் வேண்டும்.

2019 டிசம்பரில் நானும் அண்ணனும் சேர்ந்து நடந்தபோது காலடியிலிருந்து ஓர் உள்ளான் எழுந்து பறந்தது. கோரை உள்ளான் என்று நான்தான் சொன்னேன். இருவர் பட்டியலிலும் அது ஏறியது. இன்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கை முழுதாக விரிந்திருக்கிறது, பின்விளிம்பில் வெள்ளை இல்லை. வேறு படங்களோடு ஒப்பிட்டு மூன்று முறை பார்த்துவிட்டேன். இல்லவே இல்லை. வால் தெரியாததால் ஊசிவாலா ஸ்வின்ஹோவா என்றும் சொல்ல முடியாது. 'இரண்டில் ஒன்று' என்று மாற்றினேன். அப்படிப் போட்டால் அது ஓர் இனமாக எண்ணிக்கையில் சேராது.

மறுபடியும் 168. என் பட்டியல் என் பாடு. அண்ணன் பட்டியலில் என் பிழை ஐந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறது, அதுதான் தூங்கவிடவில்லை. இந்தப் போட்டிக்கு நடுவர் கிடையாது. வழக்கத்துக்கு மாறான பதிவென்றால் ஈபேர்டில் சரிபார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். கோரை உள்ளான் இந்தப் பக்கம் எதிர்பார்க்கிற பறவை என்பதால் யாரும் கேட்கவில்லை. நம் வாய்ச்சொல்தான் ஆதாரம்.

16 ஜனவரி, வியாழன்

காலையிலேயே போன் செய்தேன்.

"அண்ணா, 2019 உள்ளான் தப்புங்கண்ணா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "படத்தை அனுப்புங்க தம்பி" என்றார். அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். "ஆமாங்க, வெள்ளையே இல்லீங்களே. நானும் அன்னிக்குப் பார்க்காமத்தான் எழுதீட்டேன். சரி, எடுத்துட்டேன். நேத்துப் பார்த்தது எந்தப் பக்கமுங்க?"

அவருக்கும் இப்போது 168. இடத்தைச் சொன்னேன். சொல்லாமல் ஒரு வாரம் தள்ளியிருந்தால் சமமாகவே இருந்திருப்போம். அந்த எண்ணம் ஒரு நொடி வந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

17 ஜனவரி, வெள்ளி

இருவரும் ஆறு மணிக்கே போய் உட்கார்ந்தோம். கல் எறிந்து கிளப்பிப் பார்க்கலாமே என்று கரையில் நடக்க வந்த ஒருவர் யோசனை சொன்னார். அண்ணன் எழுந்து நின்று, "அது சைபீரியாவிலிருந்து வந்து தின்னுட்டு இருக்குதுங்க, விடுங்க" என்றார். எட்டே காலுக்கு உள்ளான் வாலை விரித்தது. அவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கை லேசாக நடுங்கியது. அவருக்கு 169.

இந்தியாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உள்ளானைச் சுடுவதைப் பெரிய திறமையாக வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் உள்ளானுக்கு 'ஸ்னைப்' என்று பெயர். மறைந்திருந்து குறி பார்த்துச் சுடுகிறவனைக் குறிக்கும் 'ஸ்னைப்பர்' என்ற சொல்லே அந்த வேட்டையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கட்சி பிரித்துக்கொண்டு, யார் அதிகம் சுட்டார்கள் என்று போட்டி வைத்தார்கள். சுட வேண்டாம், எண்ணுவோம் என்று பறவையியலாளர் பிராங்க் சாப்மன் 1900-இல் மாற்றினார். அந்த முதல் வருடம் எண்ணப் போனவர்கள் 27 பேர். போட்டியும் விடிகாலைக் குளிரும் அப்படியே இருக்கின்றன. பறவை மட்டும் உயிரோடு பறந்து போகிறது.

15 பிப்ரவரி, சனி

உலகம் முழுக்க நடக்கிற நாலு நாள் கணக்கெடுப்பில் இன்று இரண்டாம் நாள். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரை மேல் தாழ்வாகப் போனது. அதற்குப் பயந்து மூன்று உள்ளான்கள் எழுந்தன. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் படம் எடுத்தோம். திரையைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூன்றிலும் வெள்ளைக் கோடு இல்லை.

நாமக்கோழி 187. அண்ணன் ஒருமுறை எண்ணினார், நான் ஒருமுறை எண்ணினேன், இருவருக்கும் அதே எண். உள்ளான்கள் திரும்பிப் போக இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. நாளைக்கு அவர் வடக்குக் கரை, நான் மதகுப் பக்கம்.